ரப்பர் செடியும் நாலாவது கையெழுத்தும்

ரப்பர் செடியின் இலையைப் பாலில் நனைத்த துணியால் துடைக்கச் சொல்லி உங்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். எதிர் பிளாட்காரர் ஒருவர், மகளின் தோழி ஒருத்தி, யூடியூபில் ஒரு தம்பி. நானும் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். இலை இரண்டு நாள் பளபளத்தது. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. அடுத்த வாரம் அந்தப் பிசுக்கில் தூசி முன்னைவிட அதிகமாகப் படிந்திருந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இலைக்கு உணவு ஒளியிலிருந்து வருகிறது, பாலிலிருந்து வரவில்லை என்பதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! தெரிந்திருந்தும் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று யோசிக்கப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. வீட்டுக்குள் மரம் வளர்க்கிறோம் என்று மதுரையில் நாம் இன்று செய்துகொண்டிருக்கிற காரியத்தில் பெரும்பகுதி பாசாங்கு என்பது என் கட்சி. மரத்தின் மேல் அக்கறை உள்ளவர்கள் என்று நம்மையே நம்பவைத்துக்கொள்ளச் செய்கிற பாசாங்கு. அதில் முதல் குற்றவாளி நான் என்பதால் உரிமையோடு திட்டலாம் என்று நினைக்கிறேன்.

செடி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு மதுரையின் வடக்குப் பக்கம் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். பெங்களூரிலிருந்து வந்த மகள், அழகர்கோவில் ரோட்டு நர்சரி ஒன்றில் 850 ரூபாய் கொடுத்து ஒரு ரப்பர் செடி வாங்கித் தந்தாள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, மேலே கூழாங்கல் அலங்காரம். கழுத்தில் ஒரு அட்டை: காற்றைச் சுத்தப்படுத்தும், வெயில் தேவையில்லை, பராமரிப்பு எளிது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் "நல்லா இருக்கு சார்" என்றார்கள். ஆறு மாதத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. தண்டு மட்டும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நீண்டது.

இந்த மரத்தை நாம் செடி என்கிறோம். பைகஸ் எலாஸ்டிகா. ஆலும் அரசும் அத்தியும் இதற்குப் பங்காளிகள். அசாம், மேகாலயா தொடங்கி மலேசியா, இந்தோனேசியா வரைக்கும் இதன் சொந்த ஊர். காட்டில் நூறடிக்கு மேல் வளரும். பறவை எச்சத்தில் விழுந்த விதை இன்னொரு மரத்தின் கிளையில் முளைக்கும். அங்கிருந்து விழுதுகளை இறக்கி மண்ணைப் பிடிக்கும். மேகாலயாவின் காசி மக்கள் இந்த விழுதுகளை ஓடைக்கு மேல் இழுத்துக் கட்டி, வளரவிட்டு, பாலமாக்குகிறார்கள். ஒரு பாலம் நடக்கிற பக்குவத்துக்கு வர பதினைந்து, இருபது வருஷம் ஆகும். தாத்தா தொடங்கி வைத்ததில் பேரன் நடப்பான். நோங்ரியட் கிராமத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்குப் பாலமே இருக்கிறது. 2022இல் இந்த வேர்ப்பாலங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஐம்பது ஆள் கனத்தைத் தாங்குகிற அந்த மரத்தைத்தான் பீங்கான் தொட்டியில் வைத்து, "ஏசி காத்து பட்டா வாடிரும், பாத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காட்டு மரம் எப்படி ஹாலுக்கு வந்தது? முதலில் அதன் பாலுக்காகத்தான் வெள்ளைக்காரன் அதைத் தேடிப் போனான். அசாமில் காட்டு மரங்களைக் கண்டபடி கீறிப் பால் எடுத்து, மரம் குறைந்துபோன பிறகு, 1873இல் தேஜ்பூருக்குப் பக்கத்தில் சர்துவாரில் அரசாங்கமே இதற்கென்று ஒரு தோட்டம் போட்டது. மூன்று வருஷம் கழித்து, 1876இல், ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அது ஹெவியா என்கிற வேறு மரம். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. பிறகு மலாயாவுக்குப் போனது. அந்த ரப்பர் தோட்டங்களில் நம் ஜனங்கள் பட்ட பாடு தனிக் கதை. ஹெவியா வென்றதும் அசாம் மரத்துக்கு வேலை போய்விட்டது. ரப்பர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தடித்த இலை, இருட்டிலும் சட்டென்று சாகாத உடம்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரவேற்பறை மூலைகளுக்கு அது தோதாக அமைந்தது.

இங்கேதான் என் முதல் சண்டை. இந்த மரத்தைப் பராமரிப்பது எப்படி என்று இன்று நாம் படிக்கிற, பார்க்கிற குறிப்புகளின் வேர் அந்த வரவேற்பறையில் இருக்கிறது. அங்கே டிசம்பரில் வெளியே வைத்தால் பனியில் செத்துப்போகும். அதனால் உள்ளே வைக்கிறார்கள். உள்ளே ஹீட்டர் போடுவதால் காற்று வறண்டுவிடும். அதனால் இலைக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள். குளிரில் மரம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதனால் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது நியாயம். வேறு வழியில்லாமல் ஒரு வெப்பமண்டல மரத்தைப் பிழைக்கவைக்கிற பாடு அது. மதுரையில் உங்களுக்கு என்ன வந்தது? மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிற ஊர் இது. அந்த மரத்தின் ஒன்றுவிட்ட அண்ணன்களான ஆலும் அரசும் இங்கே யாரும் தண்ணீர் ஊற்றாமல், கோபுரத்து இடுக்கிலும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் மழைநீர்க் குழாயின் மூட்டிலும் முளைக்கின்றன. அதைப் பிடுங்கி, மறுபடி முளைக்காமல் இருக்க ஆசிட் ஊற்றுகிறோம். அப்புறம் ஹாலுக்குள் வந்து, "பிரகாசமான மறைமுக ஒளி" என்றால் என்ன என்று போனில் தேடுகிறோம்.

ஒளிக் கணக்கைச் சொல்கிறேன், வாத்தியார் புத்தி. சித்திரை மாதத்து உச்சிவெயிலில் வெளியே ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். வெளியே மரநிழலில்கூடப் பல ஆயிரம் இருக்கும். ஹாலில் ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி அளந்தால் இருநூறு, முந்நூறு. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். வெயில் தேவையில்லை என்று அட்டையில் போட்டிருப்பதற்கு உண்மையான அர்த்தம், பட்டினியில் சாகக் கொஞ்சம் நாளாகும் என்பதுதான். சாப்பாடு இல்லாத செடி தண்ணீரும் அதிகம் குடிக்காது. இலை மஞ்சளானதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி, உள்ளே தண்ணீரைப் பிடித்துவைக்கிற தேங்காய் நார்த்தூள். வேர் அழுகிவிடும். வீட்டுக்குள் சாகிற ரப்பர் செடிகளில் முக்கால்வாசி இப்படி நம் அன்பில் மூழ்கிச் செத்தவை என்றே நினைக்கிறேன்.

அடுத்து அந்தக் காற்றுச் சுத்திகரிப்பு. 1989இல் நாசா ஒரு ஆய்வு வெளியிட்டது. காற்றுப் புகாமல் அடைத்த சிறிய பெட்டிக்குள் செடியை வைத்து, சில வேதிப்பொருட்கள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். குறைந்தது. விண்வெளி ஓடத்துக்குள் உதவுமா என்பது அவர்கள் கேள்வி. நம் வீடு அடைத்த பெட்டியா? கதவைத் திறந்தால் காற்று மாறிவிடுகிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங் என்ற இருவர் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2019இல் வெளியிட்டார்கள். காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமென்றால், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம். என் ஹாலில் ஒரு செடி இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்திருந்தால் போதும். ஜன்னலைத் திறக்காததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

என் ஹால் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆலமரம் நின்றது. எங்கள் கட்டடம் வருவதற்கு முன்னாலிருந்து, காம்பவுண்டின் ஓரத்தில், ஒரு பழைய கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த மரம். பாதிக் கிளை உள்ளே, பாதி தெருவில். அதன் கீழே தெருப் பக்கம் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். எங்கள் கட்டடத்தில் வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேர் மதியம் தூக்குவாளியைத் திறப்பது அதன் அடியில்தான். பழக்காலத்தில் காலை ஐந்தரைக்கே மைனாவும் குக்குறுவானும் குயிலும் போடுகிற கூச்சலில் தூக்கம் போகும்.

மூன்று வருஷத்துக்கு முன் பிளாட் சங்கத்தில் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. மரத்தால் ஏற்படும் தொல்லைகள்: கார் மேல் எச்சம், சருகு குவிகிறது, வேர் தண்ணீர்த் தொட்டிச் சுவரை விரிசல் விடுகிறது, ஆட்கள் கூடி உட்காருகிறார்கள். எடுத்துவிட்டால் மூன்று கார் நிறுத்த இடம் கிடைக்கும். பொது இடத்து மரமாயிருந்தால் கலெக்டர் தலைமையிலான பசுமைக் குழுவிடம் போயிருக்க வேண்டும். இது மதிலுக்கு உள்ளே நின்ற மரம். கையெழுத்துப் போதும் என்றார்கள். அந்தத் தாளில் நாலாவது கையெழுத்து என்னுடையது.

எதிர்க்க முடியாமல் போட்டேன் என்று சொல்லமாட்டேன். கேட்டார்கள், போட்டேன். எனக்கும் சருகு தொல்லையாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் வெட்டி லாரியில் ஏற்றினார்கள். வெட்டிய இடத்தில் பால் வடிந்து சிமெண்டுத் தரையில் வெள்ளையாக உறைந்திருந்தது. அன்றைக்குப் பிறகு மேற்கு வெயில் நேராக ஹாலுக்குள் வந்தது. திரை போட்டோம். திரையும் போதாமல் ஏசி போட்டோம். ஏசி போட்டதால் ஜன்னலை மூடினோம். மூடிய அறையில் பச்சையாக ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று மகளிடம் சொன்னேன். அப்படி வந்ததுதான் ரப்பர் செடி.

நான் எதற்காகப் பாலில் துடைத்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

என்னைச் சங்கடப்படுத்தியது ஒரு பேச்சு. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மா ஒருநாள் நான் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத வெளிய வச்சீங்கன்னா தானா வளந்துட்டுப் போகுது சார். எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றார். நான் சும்மா சிரித்தேன். "வெளிய நின்ன மரத்த வெட்டிப்புட்டீங்க. அது இருக்கையில இங்கிட்டு உக்காந்து ரெண்டு வாய் சாப்புட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். இப்ப படிக்கட்டுல உக்காந்தா வாட்ச்மேன் எந்திரிங்கங்கிறாரு." குரலில் கோபம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இஸ்திரி வண்டிக்காரர் அடுத்த கோடையைத் தாங்கவில்லை. கரி அடுப்பும் வெயிலும் சேர்ந்து எப்படித் தாங்கும்? வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

மரத்துக்கு உத்தியோகம் உண்டு. அதைப் பிடுங்கிக்கொண்டு அழகை மட்டும் வைத்துக்கொள்வதுதான் வீட்டுக்குள் மரம் வளர்ப்பது. அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்திக் குடும்பம் பூத்துக்கொண்டேதான் இருக்கிறது. பூவெல்லாம் காய்க்கு உள்ளே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஹைப்பந்தோடியம் என்று அதைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்தக் காயின் ஊசிமுனைத் துவாரம் வழியாகக் குளவி ஒன்று உள்ளே போனால்தான் விதை பிடிக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு வகை மரத்துக்கும் அதற்கென்றே ஒரு வகைக் குளவி. ஆலமரம் ஒன்று நின்றால் அதை நம்பிக் குளவி, பழத்தை நம்பிப் பறவை, இரவில் வௌவால். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களை ஆராய்ந்த ஜி. மாரிமுத்து, இந்தப் பக்கத்துக் கிராமமொன்றில் முனி குடியிருப்பதாக நம்பப்படும் ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை ஊரார் காப்பாற்றிவருவதைப் பற்றி 1988இல் எழுதினார். முனிக்குப் பயந்து ஒரு கிராமம் செய்த வேலையை, தாவரவியல் படித்த நான் செய்யவில்லை.

சாலையோரம் மரம் நட்டவர் அசோகர் என்று எழுதி மார்க் வாங்காதவர் நம்மில் யார்? ஏழாம் தூண் கல்வெட்டில் அவர் சொல்லுவது பொத்தாம்பொதுவான மரமல்ல, ஆலமரம். மனிதருக்கும் மிருகங்களுக்கும் நிழல் வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். இங்கே ராணி மங்கம்மாள் பெயரில் சாலை சொல்கிறோம். மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர். மீனாட்சி கோயிலின் தலமரம் கடம்பு. அரசரடி, ஆலம்பட்டி, விளாங்குடி, உசிலம்பட்டி என்று இந்த ஊரைச் சுற்றிப் பேரிலெல்லாம் மரம் நிற்கிறது. மரத்தடி என்பது நமக்கு ஒரு முகவரி. 2023இல் நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் திறந்தார்கள். வெயில் காலத்தில் சிக்னலில் நிற்கிற ஸ்கூட்டர்காரர்கள் அதன் தூண் நிழலுக்கு ஒதுங்குவதைப் பார்க்கிறேன். நிழலுக்கு இவ்வளவு பஞ்சம் இருக்கிற ஊரில், நிழல் தருகிற சாதி மரத்தை நிழலில் வைத்து வளர்க்கிறோம்.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். முதலாவது, "இடம் எங்க சார் இருக்கு? வாடகை வீடு, ஆறுக்கு நாலு பால்கனி. தொட்டிச் செடி வச்சா அதுவும் தப்பா?" தப்பில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் மேலும், படுக்கையில் இருக்கிற பெரியவருக்குப் பச்சை தெரியட்டும் என்று ஒரு தொட்டி வைப்பவர்கள் மேலும் எனக்கு ஒரு வழக்கும் கிடையாது. என் வழக்கு, கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருப்பவர்களோடு. இரண்டாவது, ஆல வேர் சுவரை உடைக்கும். உண்மைதான். வீட்டை ஒட்டி ஆலோ அரசோ வைக்கக்கூடாது. ரப்பர் செடியைத் தரையில் இறக்கினால் அதுவும் உடைக்கும். ஆனால் எங்கள் தொட்டி விரிசலைப் பூச ஒரு கொத்தனாரைக்கூட நாங்கள் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மூன்று கார் என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. மூன்றாவது, தொட்டிச் செடி வளர்க்கிறவர்தான் நாளை மரத்தையும் காப்பாற்றுவார் என்பது. அப்படி நடந்தால் சந்தோஷம். என் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. செடி வந்த பிறகு மரத்தை நான் மறந்தேன்.

திட்டிவிட்டுப் போவது வாத்தியாருக்கு அழகில்லை. ஏற்கெனவே வீட்டில் ரப்பர் செடி வைத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை. முதலில் வெளியே கொண்டுபோங்கள். பால்கனியோ மொட்டை மாடியோ, காலை வெயில் படுகிற இடம். ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்தால் இருட்டில் வளர்ந்த இலை கருகிவிடும். ஒரு வாரம் நிழல், அப்புறம் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் என்று பழக்குங்கள். மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் அந்தச் சுவர் அடுப்பு. அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள், மானாமதுரைப் பக்கம் நல்ல தொட்டி செய்கிறார்கள். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணியும் கலந்து வையுங்கள். நார்த்தூளை உதறிவிடுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால், இலை நுனி கருகினால் அதுதான் காரணம். மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் போதும். கிளையை வெட்டினால் வடிகிற பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டுவிடக்கூடாது. இலையை வெறும் ஈரத்துணியால் துடையுங்கள். பாலைக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் செலவாகிற நேரத்தில் பாதி போதும் ஒரு மரத்துக்கு. புரட்டாசி, ஐப்பசி மழை தொடங்கும்போது கைமொத்தத்துக்கு ஒரு ஆலம்போத்தை வெட்டி, மேல்முனையில் சாணி அப்பி, கண்மாய்க்கரையிலோ ஊர்ப் பொது இடத்திலோ கேட்டுவிட்டு நடுங்கள். ஆடு கடிக்காமல் முள் கட்டுங்கள். அடுத்த கோடையைத் தாண்டிவிட்டால் அது உங்களை எதிர்பார்க்காது. வீட்டுப் பக்கம் வேண்டுமென்றால் புங்கையோ பூவரசோ வையுங்கள்.

என் ரப்பர் செடி இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே இருக்கிறது. முதல் மாதம் இரண்டு இலை கருகியது. அப்புறம் சிவப்பு உறை பிரிந்து ஏழு இலை விட்டிருக்கிறது. நான் வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

பிளாட் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். வெட்டிய இடத்தில் வந்த மூன்று கார் நிறுத்தங்களில் ஒன்று எனக்கு ஒதுக்கியது. என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். அந்த இடத்தின் சிமெண்டை உடைத்து ஒரு புங்கை வைக்கலாம், செலவு என்னுடையது, அடியில் நாலு பேர் உட்கார ஒரு திண்டு கட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பார்க்கிங் போனால் பிளாட்டின் விலை குறையும் என்று செயலாளர் போனில் அக்கறையாகச் சொன்னார். என் மனைவிக்கும் அந்தக் கவலை இருக்கிறது. திண்டு எதற்கு, வெளியாட்கள் வந்து உட்காருவார்கள் என்று இரண்டு பேர் ஆட்சேபித்திருக்கிறார்கள். கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவையும் கையெழுத்துக்குத் தாள் சுற்றி வரும். முதல் கையெழுத்தை நான் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று கிடைக்குமா என்று பார்க்கவேண்டும்.